இடுப்பில் உறுத்திய துணி

எட்டு நாள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நாத்தனார் பதினாறு உடுப்பு எடுத்து வைத்திருந்தாள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒரு படத்தில் போட்டது இன்னொரு படத்தில் தலைகாட்டக் கூடாதாம். இரண்டு பெட்டியும் வாயை மூட மாட்டேன் என்று அடம்பிடித்தன. டெய்லரம்மா வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜிப் நகர்ந்தது.

டெய்லரம்மா அவளுடைய அண்ணன் மனைவி. தெருமுனையில் தையல்கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. நாத்தனாரின் கணவருக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போக, அந்த இடத்துக்கு இவள் கிளம்பினாள். சாமான் ஒரே ஒரு தோள்பை. எதோடு எதைப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி அவளே தைத்த நாலு சட்டை, இரண்டு பேண்ட், அவ்வளவுதான். துணியை மடிக்கத் தெரியாதவள் துணி வெட்ட வந்திருப்பாளா என்ன?

வம்பெல்லாம் அந்த நீலச் சட்டையில்தான். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு காலண்டர் படத்தை நாத்தனார் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பழைய அரண்மனை ஒன்றின் மண்டபம். கூரை முழுக்க நீலத்தில் ஓவியம். அதற்குக் கீழே ஒருநாள் நின்றுவிட வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றுலாவில் அங்கே போகிறார்கள்; அதனால் அன்றைக்கும் நீலம்தான் போட வேண்டும். துணி கொடுத்தாள், டெய்லரம்மா வெட்டியும் விட்டாள். அப்புறம் போன் வருகிறது.

"அண்ணி, கை வேண்டாம். இப்பெல்லாம் யாரு கை வெச்சுப் போடறா?"

டெய்லரம்மாவுக்கு ஒரு பழக்கம். வெட்டிய துணியைத் தூக்கி எறிய மாட்டாள். கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து அசடு வழிய வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தவள். வெட்டிய கைத்துணி இரண்டையும் லைனிங்குக்கு உள்ளே, இடுப்போரமாக வைத்து நாலு ஓட்டுத்தையல் போட்டுவிட்டாள். அது தெரியாமலே நாத்தனார் சட்டையைப் போட்டுப் பார்த்தாள்.

"என்னமோ உறுத்துது அண்ணி. போட்டோல குண்டாத் தெரியப்போறேன்."

"அதுக்கு நானா பொறுப்பு? இருக்கட்டும் விடு."

விமான நிலையத்தில் ஒரு கூத்து. டெய்லரம்மாவின் கைப்பையிலிருந்து முக்கால் முழ நீளக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டி, "என்ன இது?" என்றார் அதிகாரி. இருபது வருஷமாக அவள் கையை விட்டு நகராத சாமான் அது. வீட்டில் வைத்துவிட்டு வர மனசு கேட்கவில்லை. ஊசி நூலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கத்தரிக்கோல் போனது போனதுதான். பின்னால் நின்ற சுற்றுலாக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. நாத்தனாருக்கு மானம் போய்விட்டது.

போய் இறங்கிய ஊரில், பஸ்ஸில் எல்லோரும் அறிமுகம் செய்துகொண்டபோது அவள் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணி. பேஷன் டிசைனர்."

அப்புறம் காதோடு, "டெய்லர்னு சொல்லிட்டு இருக்காதீங்க அண்ணி, ப்ளீஸ்."

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. தான் செய்கிற தொழிலில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அரண்மனை. பதினோரு மணிக்கு நுழைவு. தவறினால் அன்றைக்கு வேறு சீட்டு கிடையாது. மறுநாள் விடிந்ததும் வேறு ஊருக்கு விமானம். பத்து இருபதுக்கு வாசலில் காவலர், கையில்லாத அந்த நீலச் சட்டையில் வந்த நாத்தனாரை மட்டும் நிறுத்தினார். தன் தோளைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். மண்டபத்துக்குள் ஒரு பகுதி வழிபாட்டு இடமாம். தோள் தெரியக் கூடாது.

சால்வை பெட்டியில் இருந்தது. பெட்டி பஸ்ஸில் இருந்தது. பஸ் ஆற்றுக்கு அக்கரையில் நின்றது. கூட வந்த ஒருத்தி மெல்லிய துப்பட்டா ஒன்றைக் கொடுத்தாள். அதற்கும் காவலர் உதட்டைப் பிதுக்கினார். நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. வங்கியில் நாற்பது பேரை ஆட்டிவைக்கிற மேனேஜர், மிட்டாய் கிடைக்காத குழந்தை மாதிரி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போங்க அண்ணி. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"வாயை மூடிட்டு இப்படி வா," என்றாள் டெய்லரம்மா.

தூணுக்குப் பின்னால் அவளை நிறுத்தி, சட்டையின் ஓரத்தைத் தூக்கி, ஓட்டுத்தையலைப் பல்லாலேயே கடித்து இழுத்தாள். மடங்கிக் கிடந்த இரண்டு கைத்துணியும் வெளியே வந்தன. நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

"இதுவா உறுத்துச்சு?"

"அசையாத. குத்திடும்."

ஊசி நூலை எடுத்து, உடம்பில் போட்டபடியே சட்டையில் கையை ஏற்றித் தைக்க ஆரம்பித்தாள். நூலைப் பல்லால் அறுத்து, பெரிய பெரிய தையலாக, ஒரு பக்கம் முடிய பதினைந்து நிமிஷம். வரிசை நகர்ந்தது. கூட்டத்துப் பெண்கள் வரிசையை மறந்து சுற்றி நின்றார்கள். இரண்டாவது கையின் கடைசி முடிச்சைப் போடும்போது பதினொன்றுக்கு மூன்று நிமிஷம். காவலர் இரண்டு தோளையும் உற்றுப் பார்த்தார். வழிவிட்டார்.

"டிசைனர்னா டிசைனர்தான்!" என்றாள் துப்பட்டாக்காரி.

நாத்தனார் சட்டென்று நின்றாள்.

"டிசைனரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அண்ணி டெய்லர். நான்தான் பொய் சொன்னேன்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். டெய்லரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

உள்ளே போய்க் கூரைக்குக் கீழே நின்றார்கள். அத்தனை நீலம். நாத்தனார் அழுதாள், சிரித்தாள், "அதோ பாருங்க அண்ணி, காலண்டர்ல இருந்த அதே பறவை!" என்று வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள். டெய்லரம்மா அக்குளைப் பார்த்தாள். அங்கே துணி இழுத்துக்கொண்டு நின்றது. கைத்துணியின் முன்வளைவு பின்னால் போயிருந்தது. அவசரத்தில் இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமும் ஏற்றியிருக்கிறாள். இருபது வருஷத்தில் செய்யாத தப்பு!

"ஐயோ, கையை இறக்கு. மாத்தி வெச்சுட்டேன். ரூமுக்குப் போனதும் பிரிச்சுத் தச்சுடறேன்."

நாத்தனார் கையை இறக்கவில்லை.

"இந்தத் தையலைத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி," என்றாள். "பேசாம மேல பாருங்க அண்ணி."