தறிக்குழி மண்

சென்னையிலிருந்து தபால் வந்தாலே எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரியப்போகிறது என்று முடிவாகி, மேசை நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு பங்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் யாரோ பாகம் பிரிக்க, சங்கரன்கோவிலில் எங்கள் ஐஸ் பெட்டி போய்விட்டது.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் என்பது ரயிலடிக்குப் போகிற ரோட்டில் ஓர் ஓட்டு வீடு. அதில் இரண்டே பேர். ஆராய்ச்சி அதிகாரி கைலாசநாதன் சார் ஒருவர். பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்த கையோடு உதவியாளராகச் சேர்ந்த முத்துமீனாள், அதாவது நான், இன்னொருத்தி. வேலை போனால் கல்யாணம் என்று ராயகிரியில் என் அப்பா மாப்பிள்ளையோடு தயாராக இருந்தார். மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வேலை போவதுதான் பிடிக்கவில்லை.

வேலை மண்ணைக் கிளறுவது. மண்ணில் கிடந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து க்ஷயரோகத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தியதிலிருந்து, எல்லா தேசத்து விஞ்ஞானிகளும் மண்வெட்டியும் கையுமாக அலைந்தார்கள். இங்கேயோ சங்கரநாராயணரும் கோமதியம்மனும் இருக்கிற கோயிலின் புற்றுமண்ணைச் சொறி சிரங்குக்குப் பூசுவது காலங்காலமாக நடக்கிறது. அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் என்ன என்று சார் எழுதிப் போட்டார். அப்போதிருந்த மந்திரிசபை ஏதோ நல்ல மனசோடு இருந்த நேரம், சரி என்று சொல்லிவிட்டது. அப்புறம் தேர்தல் நடந்தது, மந்திரிசபை மாறியது, நாங்கள் கேட்பாரற்றுப் போனோம்.

புற்றுமண்ணில் எங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. அது நோய் தீர்க்காது என்று சொல்ல நான் யார்? நாங்கள் தேடிய உயிர் எங்கள் கண்ணாடித் தட்டில் வளரவில்லை, அவ்வளவுதான். கறுப்புச் சட்டைக்காரப் பையன்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாரை மறித்து, "புத்துமண்ணுல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நோட்டீஸ் அடிக்கோம்" என்று கேட்டார்கள். சார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாக வந்து சேர்ந்தார்.

பிறகு கைக்கு எட்டிய மண்ணையெல்லாம் பார்த்தோம். கரிசல் காடு, ஆட்டுக்கிடை, கிணற்றடி, எதையும் விடவில்லை. கடைசியில் மம்மது வீட்டுத் தறிக்குழியில் அது கிடைத்தது.

மம்மது கடையநல்லூர்க்காரர். எங்களுக்குப் பின்தெருவில் தறி போட்டிருந்தார். தரையில் பள்ளம் பறித்து, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற குழித்தறி. கஞ்சியும் ஈரமும் நூல் பிசிறும் விழுந்து விழுந்து அந்தக் குழி மண் கறுத்து ஊறிப்போயிருந்தது. அதில் ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டு வளர்த்தபோது சாம்பல் நிறத்தில் வெல்வெட்டுத் துணி மாதிரி ஒன்று படர்ந்தது. நாங்கள் தட்டில் விட்டிருந்த சீழ்க் கிருமி ஒன்றுகூட அதை நெருங்கவில்லை. சுத்தமாக ஒரு வட்டம். சார் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. அது சவலைப் பிள்ளை. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் பாதி செத்துப்போகும். ஐஸ் பெட்டி இருந்தவரை குழாய்களில் அடைத்துப் பத்திரமாக வைத்திருந்தோம். அது போனதும் சித்திரை வெயிலில் குழாய்கள் ஒவ்வொன்றாக வறண்டன. சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பிய பார்சல், அந்தப் பிரிவே இடம் மாறிவிட்டது என்று திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடித் தூள். அந்த உயிரை வளர்க்கத் தட்டில் கூழாகக் காய்ச்சி ஊற்றுகிற அகரும் தீர்ந்தது. கேட்டு எழுதினால் பதிலே கிடையாது.

அகர் இல்லாமல் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மம்மதுவின் மனைவி மகபூப் பீவி நோன்பு திறக்க வாங்கி வைத்திருந்த கடல்பாசியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் அகரும் ஒன்றுதான்.

"எடுத்துக்கிடுங்க தாயி. எங்களுக்குப் பசிக்கித மாதிரி ஒங்க பூச்சிக்கும் பசிக்கும்லா" என்றார்.

இட்லிக் கொப்பரையில் வேகவைத்து ஊற்றினோம். அந்தக் கடல்பாசியில் ஒரே ஒரு தட்டு பிழைத்தது. ஈர மணல் பரப்பிய மண்சட்டிக்குள் அதை வைத்து, மணல் காயாமல் நானும் சாரும் முறைபோட்டுத் தண்ணீர் தெளித்தோம். வளர்த்ததில் அது ஒன்றுதான் மிச்சம். அது செத்தால் குழி மண்ணில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும், அகப்படும் என்று நிச்சயமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் அறைக்குள்ளேயே நடந்து நடந்து சிமெண்டுத் தரையைத் தேய்த்தார்.

இந்த நேரம் பார்த்துச் செலவுக் குறைப்புக் கமிட்டி என்று ஒன்று கிளம்பியது. சின்னச் சின்ன ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டாசியோடு மூடிவிடுவது என்று பேச்சு. அதன் தலைவர் நாறும்பூநாதன் திருநெல்வேலிக்கு வந்து தங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் சார் ரயிலேறிப் போனார். மறுநாள் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தண்ணீர் கேட்டார்.

"என்ன சார் ஆச்சு?" என்றேன்.

"ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இங்க வாராரு. தட்டைப் பாத்துட்டு முடிவு சொல்லுதேன்னாரு."

"தறிக்குழி மண்ணைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வாராரு?"

சார் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "புத்துமண்ணுன்னு சொல்லிட்டேன்."

நான் செம்பை வாங்கிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "மொதல்ல உள்ளதைத்தான் சொன்னேன். தறிக்குழின்னதும் மூஞ்சியைச் சுளிச்சாரு. கொட்டாவி விட்டுட்டு ஃபைலை மூடிட்டாரு. எனக்குக் கண்ணை இருட்டிட்டு வந்துட்டு. கோமதியம்மன் கோயில் புத்துமண்ணுன்னேன். எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு, முத்துமீனா. நான் என்ன செய்ய?"

"அது பொய்யி சார்."

"பொய்யிதான். மொதல்ல தட்டு பொழைக்கட்டும், ஐஸ் பெட்டி வரட்டும். பொறவு ரிப்போர்ட்டுல திருத்திக்கிடலாம்."

"மம்மது கேட்டா என்ன சொல்லப்போறிய?"

அவர் செருப்பைக் கழற்றப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பேன். கட்டினால் அந்தத் தட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது யார்? நாள் முழுக்க சாரோடு பேசாமல், அவர் முறைக்கும் சேர்த்து நானே தெளித்தேன்.

பொய்க்குக் கால் முளைக்க நேரமே ஆகவில்லை. கமிட்டிக்காரர்கள் பெருமையடித்ததில் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. ஊர் ஜனங்கள் எங்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து கும்பிட்டார்கள். கோயில் புற்றில் போடுகிற மாதிரி உப்பையும் மிளகையும் படியில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் பெருக்கித் தள்ளினேன், அவர்கள் மறுபடி போட்டார்கள். மம்மது மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. முன்பெல்லாம் தினம் வந்து, "நம்ம குழி மண்ணு எப்படி இருக்கு?" என்று பிள்ளையை விசாரிப்பது போல விசாரிக்கிறவர். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எதைச் சொல்வது என்று தெரியாமல் போகாமலே இருந்தேன்.

ஆடித்தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள் எங்கள் ரோடு வரை அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. நாறும்பூநாதன் தரிசனத்தை முடித்துக்கொண்டு நேரே வந்தார். நெற்றி நிறைய விபூதி, மார்பில் ஈரச் சந்தனம், கையில் பிரசாதத் தட்டம். கூடவே ஒரு பட்டாளம். வாசலில் அவர் செருப்பை விட, பட்டாளமும் விட்டது.

சார் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். மூடிக்கு மேலிருந்தே பார்த்துவிட்டுத் தருவார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். தலைவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மூடியில் கைவைத்தார்.

"தொறக்காதீய!" என்று கத்திவிட்டேன்.

பட்டாளம் என்னை முறைத்தது. தலைவருக்குக் கோபமே வரவில்லை. "பயப்படாத தாயி" என்றார் பிரியமாக. "குளிச்சு முழுகி, பச்சைத் தண்ணி பல்லுல படாமத்தான் வந்திருக்கேன். தீட்டு ஒண்ணும் கெடையாது."

"அதில்லய்யா, காத்துப் பட்டாலே..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூடி திறந்துவிட்டது. விபூதிக் கையால் அந்தச் சாம்பல் நிற வெல்வெட்டை வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். "அம்மா, தாயே" என்றார். கண்ணில் நீர் நின்றது. அவர் பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெற்றியில் இடுவதற்குத்தானே புற்றுமண்? நாங்கள்தானே அப்படிச் சொன்னோம்?

தட்டு கைமாறியது. ஆளுக்குக் கொஞ்சம் வழித்தார்கள். ஒருவர் வாயில் போட்டு விழுங்கினார். நான் சாரைப் பார்த்தேன். 'ஐயா, நிறுத்துங்க, இது கோயில் மண் இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவர் மிச்சத்தைத் தன் விரலாலேயே எடுத்து அவர் நெற்றியிலும் தீற்றினார்.

"மூணு வருசத்துக்கு இந்தத் திட்டத்தை எவனும் தொட முடியாது. நான் பாத்துக்கிடுதேன். ஐஸ் பெட்டிதானே? ரெண்டு அனுப்பச் சொல்லுதேன்" என்று சாரின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

தட்டு ஒருவரிடமிருந்தும் மூடி இன்னொருவரிடமிருந்தும் என் கைக்கு வந்தன. கடல்பாசி அடிக்கண்ணாடி தெரிய வழிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததில் விபூதியும் சந்தனமும் அப்பியிருந்தன, இனி அது பிழைக்காது. சாரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"குழி இருக்குல்லா சார்!" என்றேன். "மறுபடி எடுத்து வளப்போம். வாங்க."

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் சாரும் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பின்தெருவுக்குள் நுழைந்ததுமே சுண்ணாம்பு வாடை அடித்தது. என் கால் தானாகவே நின்றது.

மம்மது வீட்டுச் சுவர் புதிதாக வெள்ளையடித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தறிக்குழி அரையாள் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்கப்பட்டு, அடியும் பக்கமும் சுண்ணாம்பு பூசி, வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கல்லாட்டம் காய்ந்திருந்தது.

மம்மது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க சார், வாங்க தாயி. ஹஜ்ஜுப் பெருநா வருதுல்லா, அதான் வெள்ளையடிச்சோம். நீங்க தொட வேண்டாம்னு சொன்னதுக்காவத்தான் குழியை விட்டு வச்சிருந்தேன். பேப்பர்ல போட்டிருந்ததைப் படிச்சுக் காட்டுனாங்க. சரி, நம்ம மண்ணுல ஒண்ணும் இல்ல போலுக்குன்னு நெனைச்சேன். பிள்ளைகளுக்குச் சளி புடிக்கி, நாத்தம் வேற. சொரண்டிப் போட்டுட்டேன்."

"அந்த மண்ணு எங்க?" என்றேன்.

"சுண்ணாம்புச் சக்கையோட சேத்துக் குப்பை வண்டியில ஏத்திவிட்டேன். அது ஆச்சு நாலஞ்சு நாளு."

மகபூப் பீவி முக்காலி எடுத்துப் போட்டார். சார் உட்காரவில்லை. மம்மது அவர் நெற்றியையே பார்த்தார்.

"நெத்தியில கோயில் மண்ணா சார்? இன்னைக்கித் தபசுல்லா."

சார் நெற்றியைத் தொட்டார். விரலில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தார். அந்த விரலை மம்மதுவிடம் நீட்டினார்.

"இல்ல மம்மது. இது உங்க குழி மண்ணுல வெளைஞ்சது. மருந்து இதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

மம்மது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி செய்கிறோமோ என்று முதலில் நினைத்திருப்பார். பிறகு சாரின் கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வெள்ளைக் குழியைத் திரும்பிப் பார்த்தார்.

"பொறவு ஏன் சார் கோயில் மண்ணுன்னு சொன்னீய?" என்று கேட்டார்.

காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தறிக்குழி என்றதும் கமிட்டித் தலைவர் மூஞ்சியைச் சுளித்ததை இவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?