கடைசி வரி ஒரு தடவை

அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு முன்பே சபை மூப்பர் மெய்ரிக்கிடம் சொல்லிவைத்தேன்.

"அப்பா மெட்ட அவர் எழுதினபடியே பாடுங்க. கடைசி வரி ஒரு தடவைதான்."

"இதுகூடச் செய்ய மாட்டோமா, எலுனெட்?" என்றார்.

நம்பினேன். எனக்குப் புத்தி வேண்டாமா?

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதன் கடைசி வரியை விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப, தடவைக்குத் தடவை உரக்கப் பாடுவார்கள். அதற்குப் பெயர் பக்தி. அப்பா இத்ரிஸ் பள்ளியில் பாட்டு வாத்தியார். இந்த ஊரில் வாயைத் திறந்து பாடுகிற எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எத்தனையோ மெட்டுப் போட்டார், நிலைத்தது ஒன்று. என் தம்பி கெதின் நாலு வயதில் காய்ச்சலில் போனபோது போட்டது. கடைசி வரி இறங்கிக்கொண்டே வந்து, பாதி மூச்சில் நின்றுவிடும். அப்பா மடியில் கெதின் அப்படித்தான் அடங்கினான்.

அதையும் இவர்கள் விடவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில், பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த அப்பா கையைத் தாழ்த்திவிட்டு, "போதும். பிள்ளை ஒரு தடவைதான் செத்தான்" என்றார். அடுத்த வாரமே பாடகர் குழு மெய்ரிக் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு அந்த மெட்டைத் தொடங்கினாலே அப்பா எழுந்துபோய் வாசலில், மழையானாலும், நின்றுகொள்வார்.

கூட்டத்தில் மெய்ரிக், "இத்ரிஸ் எங்க உயிரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஆர்கன் வாசித்தேன். கடைசி வரி இறங்கி நின்றது. கையை எடுத்து மூடியைச் சாத்தினேன். சபை அப்படியே அமைதியானது. அப்பா ஆயுளெல்லாம் கேட்டது இந்த அமைதியைத்தான்.

மாடியிலிருந்து ஒரு கட்டைக்குரல் எழுந்தது. அவ்வளவுதான், சபை முழுக்க எழுந்துகொண்டது. மறுபடி, மறுபடி அதே கடைசி வரி.

பிறகு தேநீர் நேரத்தில் மெய்ரிக் என் தோளைத் தட்டினார்.

"ஆர்கன நிறுத்திட்டு எங்க குரல மட்டும் விட்ட பாரு, அங்க நிக்கிற நீ. அப்பா பொண்ணுல்ல. அவரு கேட்டிருக்கணும்."

"அவர் இருந்தப்பவே வாசல்லதான நின்னாரு?"

"பின்ன? உள்ள இருந்து கேக்க மனசு தாங்குமா அவருக்கு? நாங்க அவ்வளவு உருக்கமாப் பாடுவோம்" என்று சொல்லிவிட்டு, கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.