தூதுவன் கொண்டுவந்த சாவுச் சேதி

ஸ்ரீரங்கன் சாருக்குக் கிரேக்க நாடகம் என்றால் பைத்தியம். ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றவனின் தாய், அதே ஏரியின் வெள்ளத்தில் சாகிறாள். இதுதான் அவர் எழுதிய நாடகம். சாவை மேடையில் காட்டக் கூடாதாம், தூதுவன் ஓடிவந்து சொல்ல வேண்டுமாம். அந்தத் தூதுவன் நான், காஜா. இரும்புலியூரில் ஏசி மெக்கானிக். வருடக்கணக்காக அவருடைய நாடகக் குழுவுக்குத் திரை இழுத்தவனுக்கு முதன்முதலாக வசனம். தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் என் மனைவி ஜஹீரா. விடுவேனா?

கோரஸ் பாடக் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் பெண்கள் வந்திருந்தார்கள். குரல் என்றால் அதுதான் குரல்! "நடக்கிறதைப் பார்த்துப் பாடணும், தடுக்கக் கூடாது. விதி அது" என்று அவர்களின் தலைவி பூவம்மாளிடம் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒத்திகையில் சமர்த்தாகத்தான் பாடினார்கள். ஆனால் வெள்ளத்தின் இரைச்சலை ஸ்பீக்கரில் விட்டது மேடையேறிய அன்றைக்குத்தான்.

பாட்டு பாதியில் நின்றது.

"இன்னாம்மே பாடிகினு நிக்கிறது? தண்ணி ஏறுது, கெய்வி தனியா கீது. தூக்குங்கடி!" என்று கத்தினாள் பூவம்மாள்.

தாயாக நடித்த புஷ்பலதாவைக் கட்டிலோடு தூக்கி மேடையின் முன்னால் வைத்துவிட்டார்கள். மண்டபமே விசிலடித்தது. பெருவெள்ளத்தில் படகோடு வந்து நம் ஊர்க்காரர்களைத் தூக்கிய மீனவர்களின் வீட்டுப் பெண்கள், வேறென்ன செய்வார்கள்?

அடப்பாவிகளா, என் வசனம் போச்சே! செத்தவள் கட்டிலில் உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். எந்த வாயால் நான் சாவு சொல்ல?

"போகாதே காஜா, திரையைப் போட்டுடு" என்றார் சார், தலையில் கைவைத்தபடி.

மறுபடியும் திரையா? "போங்க சார்!" என்று மேடைக்கு ஓடினேன்.

மகனாக நடித்த வினோத்குமார் திருதிருவென்று விழித்தான். "தூதுவனே, என் தாய்..." என்று இழுத்தான்.

மனப்பாடம் செய்த சாவு வசனம் இனி உதவாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்கம்மாவுக்கு இன்னாய்யா? நல்லாத்தான் கீறாங்க. இவங்க தூக்கிட்டாங்க. செத்தது ஏரிய்யா! நீ கொன்ன ஏரி! உன்கிட்ட மனை வாங்குனவங்க வூட்டுலயும் அம்மா கீறாங்களே, அவங்கள யாரு தூக்குவா?"

வினோத்குமார் நிஜமாகவே தலைகுனிந்தான்.

"இன்னும் சொல்லு பாய்!" என்றாள் பூவம்மாள்.

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர்கள் அதையே பாட்டாக்கினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. ஓரத்தில் சாரும் தட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஜஹீரா எழுந்து நின்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்க வூட்டுக்காரருங்க அவரு!"