மூடாத லென்ஸ்

"நவுராதீங்க, இன்னும் ஒன்னு" என்று ஜெரால்ட் ஐந்தாவது தடவை சொன்னபோது, பெட்டியைச் சுற்றி நின்ற சொந்தம் அழுது முடித்து அலுத்துப்போயிருந்தது. அவனும் இரண்டு நாளாகத் தூங்காதவன். கல்மண்டபம் வட்டாரத்துக்கே போட்டோக்காரன் என்பதால் பெற்றவள் சாவுக்கும் அவனே.

மூடி போடுமுன் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம்தான் பாக்கி. அம்மா சிலுவையம்மாள் போன வாரமே சொல்லிவைத்திருந்தாள்: "பெரியவன் வருவான்டா. அவன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒரே போட்டோல தெளிவா தெரியணும்."

பெரியவன் சவரிநாதன் வந்திருந்தான். சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவைப் பிரித்துக்கொண்டபின், மூன்றே தெரு தள்ளி இருந்தும் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. பின்வரிசையில் ஓர் அத்தைக்கும் மனைவிக்கும் நடுவே சுவரோடு ஒட்டி நின்றான். அவன் பெண்டாட்டியின் புடவை சாவு வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம் என்று அக்கம்பக்கம் ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டது.

கேமராத் திரையில் லென்ஸ் திறப்பின் எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள். புது லென்ஸில் அதைக் கையால் திருக வளையம் கிடையாது. உள்ளே இருக்கும் இதழ்களைச் சுருக்கச் சொல்லி கேமராதான் மின்சாரம் அனுப்ப வேண்டும். அதைக் கடத்தும் பித்தளைப் புள்ளிகளைத் துறைமுகத்து உப்புக்காற்று தின்றிருந்தது. இதழ்கள் அகலத் திறந்தபடியே நின்றன; சுருங்கினால்தான் கிட்டத்தில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒருசேரத் தெளியும். அம்மா முகம் தெளிந்தால் பின்வரிசை பஞ்சானது. அண்ணனைப் பிடித்தால் அம்மா கரைந்தாள்.

"செல்லுல எடுத்துடேன்" என்றாள் ஜெரால்டின் மனைவி டெபோரா.

போட்டோக்காரன் ஆத்தாவை செல்லில் எடுத்தான் என்றால் தெரு விடுமா? அவன் லென்ஸைக் கழற்றிப் புள்ளிகளைச் சட்டையில் தேய்த்தான்.

"இன்னாப்பா, கோயில்ல சாமியார் காத்துகினு கீறாரு" என்றார் பெட்டிக்காரர் பாஸ்கர், மூடியைப் பிடித்தபடி.

சவரிநாதன் வரிசையை விட்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

"கோவிச்சிகினான்" என்றாள் அந்த அத்தை, திருப்தியோடு.

பத்து நிமிடத்தில் வியர்வையோடு திரும்பினான். பாகம் பிரித்தபோது அவன் பக்கம் போன பழைய வளைய லென்ஸ் கையில் இருந்தது.

"இத்த போடு."

ஜெரால்ட் மாட்டினான். அண்ணனே வளையத்தை எட்டாம் எண்ணுக்குத் திருகினான்.

"எட்டுல வெச்சா இருட்டா கீதுண்ணா."

"லைட்டு எதுக்குடா கீது?"

அலமாரி மேலிருந்த போட்டோ விளக்கை எடுத்து, ஸ்டூடியோ நாள் மாதிரியே தம்பியின் இடப்பக்கம் நின்று உயர்த்திப் பிடித்தான். ஜெரால்ட் அழுத்தினான். பாஸ்கர் அதற்குமேல் பொறுக்கவில்லை. மூடி இறங்கியது, ஆணி இறங்கியது, ஆட்கள் தூக்கினார்கள்.

ஜெரால்ட் படத்தைப் பார்த்தான். அம்மாவின் இமைமயிர், விரலிடுக்கில் ஜெபமாலை, பின்சுவர்க் காலண்டரில் தேதி வரைக்கும் தெளிவு. அத்தைக்கும் அண்ணிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு வெறும் சுவர்.

"நல்லா வந்துகீதா?" என்றான் சவரிநாதன். காலி அறையில் இன்னும் விளக்கை இறக்காமல் நின்றான்.