உறைக்கு ஒரு கரண்டி ரகசியம்

நாகரத்தினத்தின் வீட்டில் ரகசியம் தீர்ந்துபோய் அந்தத் திங்கட்கிழமையோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் ரகசியம் உண்டு. அடுப்படி அலமாரியின் இரண்டாம் தட்டில், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் போசியில் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் யாருக்கும் குரல் தணிந்துவிடும். தயிரைப் போலத்தான் அதுவும். தீரும் முன் ஒரு கரண்டியை எடுத்து வெதுவெதுப்பான பாலில் விட்டுவந்தால் வருடக்கணக்கில் வரும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வெளியே கொடுக்கக் கூடாது. இதெல்லாம் பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் அந்தத் தட்டின் பக்கம் போவதில்லை.

நாகரத்தினத்துடையது பழைய ரகசியம். அவள் கணவர் சென்னியப்பனுக்கு ரிட்டயராக இரண்டு வருடம் இருக்கும்போதே மில்லில் வேலை போய்விட்டது. அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பி, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வருவார். மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை. அதுதான் அவள் ரகசியம். இரண்டு வருடம் தூக்கு கட்டிக் கொடுத்தாள். “இன்னைக்கு வேலை சாஸ்திங்களா?” என்று கேட்டுக் காலுக்கு வெந்நீர் வைத்தாள். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. ஐப்பசியில் சென்னியப்பன் இறந்துபோனார். மறைக்க ஆள் இல்லாத ரகசியம் நீர்த்துக்கொண்டே போகும். மாசியில் ஒருநாள் மூடியைத் திறந்தபோது அவள் குரல் தணியவில்லை. போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ரகசியம் இல்லாத வீட்டில் தாழ்ப்பாள் நிற்காது, போட்டால் தானாக இறங்கிவிடும். கதவு திறந்து கிடந்தாலும் யாரும் வரமாட்டார்கள். கேஸ்காரர் சிலிண்டரோடு வாசல்வரை வந்து, நேர் எதிரில் நின்ற நாகரத்தினத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்து, “ஆளில்லை” என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பினார். கீரைக்காரி அவள் வீட்டை விட்டு அடுத்த வீட்டைத் தட்டினாள். சங்கச் செயலாளர் தாமோதரனுக்கு மட்டும், பதவி காரணமாக, அவளைக் கொஞ்சம் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பனுங்க. அதுக்குள்ள ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கோங்க. இல்லீன்னா காலி வீடுன்னு எழுதிருவோம்” என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால் எழுதிவிட்டால் வேறு குடும்பம் சாமான்களோடு வந்து இறங்கும். அவள் நிற்கிற இடத்திலேயே பீரோவை நகர்த்தி வைப்பார்கள். முதல் மாடி வேதநாயகி அப்படித்தான் போனாள். அவள் சாய்ந்து நின்ற சுவரில் மட்டும் இன்றும் ஆணி இறங்குவதில்லை. நாகரத்தினத்துக்கு அப்படிப் போக மனமில்லை.

முதலில் எதிர் வீட்டு விமலாவிடம் கேட்டாள். விமலா தன் போசியைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்களுக்கே பத்தறதில்லீங்க்கா. தலைக்குச் சாயம் போடறத அவருகிட்ட மறைச்சு வெச்சிருக்கறேன். அவரு என் தலையப் பாத்தாத்தானே.”

ஆகவே நாகரத்தினம் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அங்கே பூங்கோதை இருந்தாள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண். அவள் புருஷன் ஜெகநாதன் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோவான். மத்தியானம் வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். நடைபாதைப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது.

“அம்மிணி, உறைக்கு ஒரு கரண்டி ரகசியம் குடுப்பியா? திருப்பிக் குடுத்தர்றேன்.”

“நெறையவே இருக்குதுங்க அத்தை” என்றாள் பூங்கோதை.

இரண்டு கையாலும் போசியைப் பிடித்து வந்து, கம்பிகளுக்கு நடுவே சாய்த்து ஊற்றினாள். அடியில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். நாகரத்தினம் அதைப் பார்த்தாள். போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். பதினோரு நாளாக அவளுக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. பேசாமல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நாகரத்தினத்துக்கு ராசியான கை, எது உறைய வைத்தாலும் கெட்டியாக உறையும். செவ்வாய்க்கிழமை காலையில் தாழ்ப்பாள் நின்றது. கேஸ்காரர் “அம்மா” என்று கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் நீலப் பை ஒன்று கட்டித் தயாராக இருந்தது. திறந்து பார்த்தாள். இளம் பெண்ணின் அளவில் நான்கு சுடிதார், ஒரு பல் துலக்கும் பிரஷ், ஓசூருக்கு இரண்டு டிக்கெட்.

பதினோரு மணிக்குச் செழியன் வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை ஓரமாக விட்டுவிட்டுச் சென்னியப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கோதை, வியாழக்கிழமை நாலு மணி பஸ். தயாரா இருக்கியா?”

“இருக்கறேன்” என்றாள் நாகரத்தினம். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. செழியன் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரகசியம் எங்கே இருக்கிறதோ அங்கே வருவதுதான் முறை.

காப்பி கொடுத்தாள். சர்க்கரை கம்மியாக இருப்பது நன்றாக இருக்கிறது என்றான். அவள் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, பையிலிருந்து துணியெடுத்து, இரண்டு பக்கமும் துடைத்துக் கொடுத்தான். “நீ சாப்ட்டியா?” என்று கேட்டான். ஐப்பசிக்குப் பிறகு அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஜெகநாதன் வந்தான். மாடிக்குப் போகாமல் நேராக அவள் வீட்டுக்குள் நுழைந்தான்.

“யாரு வந்தா?”

“கேஸ்காரருங்க.”

அவன் பாத்திரம் கழுவுமிடத்தில் இருந்த இரண்டு டம்ளரையும் பார்த்தான். அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து விரலில் பதம் பார்த்தான்.

“இன்னொரு நா ரெண்டாவது டம்ளரப் பாத்தேன்னா, நீ இந்த வீட்டை விட்டு நடந்து வெளிய போகமாட்டே.”

சத்தமே போடாமல் சொன்னான். கத்தியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடிக்குப் போய்ப் பூட்டைக் கழற்றி வந்து அவள் கதவில் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவள் பீன்ஸைக் கையால் ஒடித்துத்தான் போட்டாள்.

புதன்கிழமை செழியன் ஜன்னல் வழியாகக் காப்பி குடித்தான். நாகரத்தினம் இரண்டாவது டம்ளர் எடுக்காமல் தன் காப்பியைக் கரண்டியால் குடித்தாள். ஓசூரில் மொட்டை மாடி உள்ள வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். அங்கே துணி எவ்வளவு நேரத்தில் காயும் என்று அவள் கேட்டாள். அவன் யோசித்துப் பதில் சொன்னான். அவளுக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்தது.

அன்று மத்தியானம் பூங்கோதை இறங்கி வந்து அதே ஜன்னலில் நின்றாள். அவளைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது.

“தாப்பாள் நிக்க மாட்டேங்குதுங்க அத்தை. அவரு என் மேலேயே ஈரத்துண்டக் காயப் போட்டுட்டுப் போறாரு. செழியன் மாடிக்கே வர்றதில்லை. நாளைக்கு நாலு மணிக்கு நான் போகலீன்னா அப்பறம் போகவே முடியாதுங்க. ஒரு கரண்டி திருப்பிக் குடுங்க.”

ஒரு கரண்டியால் ஆகாது என்று நாகரத்தினத்துக்குத் தெரியும். செழியன் ஒருவன்தான். எந்த வீட்டுப் போசி கனமோ அந்த வீட்டுக்குத்தான் வருவான். ஜெகநாதனும் அப்படியே. கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் பூட்டும் கத்தியும் சேர்ந்து மாடிக்குப் போகும், அந்தப் பெண் படி இறங்க முடியாது. கொடுக்காமல், எப்படியாவது பூட்டைத் தாண்டிவிட்டால், நாளைக்குச் சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரமாகச் செழியன் அவள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

“சித்த இரு அம்மிணி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

பிறகு எழுந்து, சென்னியப்பனின் வெள்ளைத் துண்டை எடுத்து, ரகசியத்தை அதில் கொட்டி முடிச்சுப் போட்டுக் குழாயில் தொங்கவிட்டாள். துணியில் கட்டினால் ஆசை கெட்டியாக உள்ளே நின்றுவிடும், பயம் தண்ணீராகக் கீழே இறங்கும். குடியிருப்பில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் செய்வதில்லை. இறங்குகிற தண்ணீரைக் கொட்டக் கூடாது, யாராவது ஒருத்தி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் துணியிலிருந்ததை உருண்டையாக உருட்டி, கம்பி வழியாகப் பூங்கோதையின் கையில் வைத்தாள். தண்ணீரைத் தன் போசியில் ஊற்றி மூடினாள். போசி முன்னைவிடக் கனத்தது.

“நீங்க?” என்றாள் பூங்கோதை.

“நான் எங்க போறேன். ஓசூர்ல துணி சீக்கிரம் காயாதாம், ரெண்டு செட்டு சேத்தி எடுத்துக்க.”

நாகரத்தினம் திரும்பி வந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் பை இல்லை.

பதினோரு மணிக்குச் செழியன் அவள் ஜன்னலைக் கடந்து மாடிக்குப் போய், அரை மணியில் அதே வழியாக இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் அன்றைக்கும் இரண்டு டம்ளர் காப்பிக்குத்தான் தண்ணீர் வைத்திருந்தாள்.

மத்தியானம் ஜெகநாதன் லீவு போட்டுவிட்டு வந்து, அவள் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கத்தியோடு உட்கார்ந்தான். மூன்றே முக்காலுக்குப் பூங்கோதை நீலப் பையோடு படி இறங்கினாள். நடைபாதை குறுகலானது. பை அவன் முழங்காலில் இடித்தது. யாரோ போகிறார்கள் என்று காலை மடக்கி வழி விட்டான். அவன் கண் பூட்டை விட்டு நகரவில்லை.

“உள்ள இருக்கியா?” என்றான்.

“இருக்கறேனுங்க” என்றாள் நாகரத்தினம்.

நாலு மணிக்குத் தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. எந்த பஸ் என்று தெரியவில்லை. கதவோடு சாய்ந்து நின்று, அது கேட்காமல் போகும்வரை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தாமோதரன் வந்து பூட்டையும் நாற்காலியையும் கத்தியையும் பார்த்து, ஆள் உண்டு என்று நோட்டில் எழுதினார். மூன்றாம் மாடியைக் காலி வீடு என்று எழுதினார். ஜெகநாதன் நாற்காலியைக் கதவுக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டான். அவன் அரை மணிக்கு ஒருதரம் உள்ளே இருக்கியா என்று கேட்டான், அவள் இருக்கறேனுங்க என்றாள். ஒவ்வொரு தடவையும் கதவிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்துதான் சொன்னாள். அடுத்த அரை மணி ஆவதற்குள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.

சாயங்காலம், விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கும்போது, எதிர் வீட்டு விமலா ஒரு கிண்ணத்தோடு ஜன்னலுக்கு வந்தாள்.

“அக்கா, பயம் கொஞ்சம் இருந்தாக் குடுங்க. நான் உள்ள இருக்கறனான்னு எங்க வீட்ல கேட்டு எத்தன வருசமாச்சு. காலைல திருப்பிக் குடுத்தர்றேன்.”

நாகரத்தினம் போசியைத் திறந்தாள். இருவருக்கும் குரல் தணிந்தது. கனம் தன் பக்கமே இருக்கும்படி பார்த்து, ஒரே ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள்.

“உறைக்கு இது போதும்” என்றாள்.

மறுநாள் காலையில் விமலா வீட்டு வாசலில் ஜெகநாதனின் இடது செருப்பு மட்டும் இருந்தது. விமலா அதைச் சுற்றிக் கோலம் போட்டாள். இந்தப் பக்கம் ஜெகநாதன் ஒற்றைச் செருப்போடு, மடியில் கத்தியோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் காப்பியில் சர்க்கரை தூக்கலாக வேண்டியிருந்தது. நாகரத்தினம் தூக்கலாகப் போட்டு, கம்பி வழியாக நீட்டினாள்.