நிறுத்திய மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அவர் வேலை பார்க்கும் கட்டடம் முழுக்க அதே வைரஸ் காய்ச்சல்தான். மனைவி வெந்நீரோடு, அவர் தினமும் சாப்பிடும் கொழுப்பு குறைக்கும் மாத்திரை அட்டையை எடுத்தபோது, பார்க்க வந்திருந்த அவளுடைய அண்ணன் தடுத்தான்.

"இதையா குடுக்குற? உடம்புல இருக்குற கொழுப்புதான் கிருமியை அண்டவிடாதாம். போன்ல வந்த வீடியோவுல ஒருத்தர் விளக்கமா பேசியிருக்கார். காய்ச்சல் விடுற வரைக்கும் நிறுத்து."

"நெசமாவா அண்ணே?"

"தங்கச்சி புருஷனுக்குக் கெடுதல் நினைப்பேனா?"

அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அட்டை அலமாரி உச்சிக்குப் போனது.

காய்ச்சல் தணிந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கிய மனுஷனை, லிஃப்ட் இல்லாத வீட்டின் குறுகலான படிகளில் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அவசரமாகக் கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிடுறார்? எதையாவது நிறுத்தினீங்களா?"

அண்ணன் தங்கையின் காதருகே குனிந்தான். "வாயைத் திறக்காத. நம்மளைத்தான் திட்டுவாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கணவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அசைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

"கொழுப்பு மாத்திரையை நான்தான் நிறுத்திட்டேன் டாக்டர்... எப்படியாவது காப்பாத்துங்க!" டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"வைரஸ் காய்ச்சல் வந்தா ரத்தக்குழாயும் உள்ளுக்குள்ள வீங்கும்மா. ஏற்கெனவே படிஞ்சிருக்குற கொழுப்பு வெடிச்சா, அங்க ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். அது நடக்காம ஓரளவு காக்குறதுதான் அந்த மாத்திரை. நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நிறுத்தணும்னா அதை நாங்க சொல்லணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டிருந்தது. இனி லிஃப்ட் குழிக்குள் இறங்கும் வேலை ஆகாது என்றார்கள். அதைக் கேட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் வந்தான். கட்டிலோரம் நின்று தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். "இதயம் பலமாக ஒரு வைத்தியம் போட்டிருக்காங்க..."

அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும்ண்ணே. நீ பாசத்துலதான் சொன்ன, நானும் பாசத்துலதான் கேட்டேன். பாசம் மருந்தாகாது. காய்ச்சல் மூக்கு வழியா தொத்துச்சு, அரைகுறை வைத்தியம் காது வழியா தொத்துச்சு. டாக்டரைக் கேக்காம இனி ஒரு மாத்திரையைக்கூட ஆரம்பிக்கவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன்."