காலி டிராக்கிலும் எதிரொலி

தி.நகர் ஸ்டூடியோவில் அன்புக்கரசி அதே வரியை மூன்றாம் முறையாகப் பாடினாள். மூன்றாம் முறையும் கம்ப்யூட்டர் திக்கித் திணறி நின்றது. பதிவு செய்துகொண்டிருந்த ரூஹி, மிக்ஸிங் செய்யும் கதிரேசன் பின்னணி இசையைக் கலந்து அனுப்பியிருந்த ஃபைலைக் குடைந்து பார்த்தாள். முப்பது டிராக்குக்கும் தனித்தனியாக, ப்ராசஸரைத் தின்னும் எதிரொலி ப்ளக்-இன் மென்பொருள். ஒன்றுமே பதிவாகாத டிராக்கிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

போன் போட்டாள்.

"எனுக்கு நல்லாத்தான ஓடுச்சு? உன் கம்ப்யூட்டர் ஓட்டை. புச்சா வாங்கும்மா" என்றான் கதிரேசன்.

"காலி டிராக்குக்கு எதுக்குண்ணா எதிரொலி? பாடுறவங்க தொண்டை போவுது, த்தூ!" என்று வைத்துவிட்டாள்.

முப்பதையும் பிடுங்கிப் போட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எதிரொலியை வைத்தாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்துக்கொண்டிருந்த, இனி மாற்றத் தேவையில்லாத கீபோர்டு டிராக்குகளை வெறும் ஒலிப்பதிவாக மாற்றினாள். தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்ற ப்ராசஸர் சுமை இருபத்தெட்டுக்கு இறங்கியது. அன்புக்கரசி ஒரே மூச்சில் பாடி முடித்தாள்.

மாலையில் தயாரிப்பாளர் சேட்டு வந்தார். பாட்டு ஓடும்போதே, ப்ளக்-இன் வரிசை மறைந்திருந்த திரையை முறைத்தார்.

"இன்னாம்மா, ஸ்க்ரீன் காலியா கீது? வேலை முடியலியா?"

ரூஹிக்குக் கதிரேசனைவிட இவர்மேல்தான் அதிக அருவருப்பு வந்தது. எழுந்து திரையை அணைத்தாள்.

"இப்ப காதால கேளுங்க சார்" என்றாள்.